கடைசி மெய்

எடின்பரோ ஆவணக்கூடத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை.
பென்சில், பூதக்கண்ணாடி,
சுருண்டுகொள்ளும் தோலேட்டை அமர்த்திப் பிடிக்க
ஈயக்குண்டு கோத்த துணிப்பாம்பு ஒன்று.
ஈவாண்டர் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்,
பச்சைக்குழந்தையைக் கைமாற்றும் ஜாக்கிரதையோடு.

ஸ்ட்ராத்லாரன் பிரபுக்களின் கொடிவழி.
கேட்டவர் பெர்த் நகரில் மரக்கடை வைத்திருக்கும் டூகல்ட்.
'ஆணிலிருந்து ஆணுக்கு, அறுபடாமல்,
இருபத்துமூன்று தலைமுறை' என்று
முன்பணத்தோடு எழுதியிருந்தார்.
நாளெல்லாம் அறுக்கிறவருக்கு
அறுபடாத ஒன்று வேண்டியிருக்கிறது.

பதினெட்டுத் தலைமுறை, பத்து நாளில் ஏறிவிட்டேன்.
ஞானஸ்நானப் பதிவு, கடன் வழக்கு,
ஒரு மாவாலைக்காகப் பங்காளிகள்
இருபது வருஷம் கட்டிப்புரண்ட தீர்ப்பு.
சண்டை போட்டவர்கள்தான் காகிதத்தில் நிலைக்கிறார்கள்.
ஒற்றுமையாக இருந்தவர்கள்
ஒரு வரிகூட விட்டுப் போகவில்லை.

பிறகு, ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்று.
லாரன் ஆற்றில் வலைபோடும் உரிமையை
மடத்துக்குத் தருகிறார் பிரைஸ் பிரபு.
சாட்சிக்கு இரண்டு வீரர்கள், ஒரு துறவி, மடத்துச் சமையல்காரன்.
தருபவர்கள்: 'பிரைஸும் அவருடைய மக'
அவ்வளவுதான்.
தோலின் விலை தெரிந்த எழுத்தன்
பாதிச் சொல்லோடு நிறுத்தி
மேலே ஒரு கோடு இழுத்திருக்கிறான்.
கோடு விழுங்கிய மெய்
ன் தானா?
ள் ஆ?

டாட்ஸ் என்றொரு பாதிரியார், நூற்றெண்பது வருஷம் முன்பு,
யோசிக்கவே இல்லை, ன் என்றார்.
எந்த ஊர் வரிப்பட்டியலிலோ
அநாதையாக நின்ற ஒரு வில்லியமைப்
பிடித்துவந்து பிரைஸின் மடியில் உட்கார்த்தினார்.
அச்சேறியதும் வில்லியமுக்கு வயது கூடியது,
குதிரை வந்தது, ஒரு போரும் வந்தது,
கோயில் ஜன்னலில் நீலக் கண்ணாடிக் கவசமும் வந்தது.
ஞாயிறுதோறும் அவன் காலடியில்
குழந்தைகள் கொட்டாவி விட்டார்கள்.

ஏழாவது பெட்டியின் அடியில்
உள்ளங்கை அகலத்தில் இன்னொரு தோல் கிடைத்தது.
'நான் ஃபோர்ஃப்ளிசா,
பிரைஸ் பெற்றது என்னை மட்டும்.
விதவை; ஆகவே என் சொல் என்னுடையது.
துறையில் ஓடம் விட்ட என் கணவன்
கில்மிக்கேலின் ஆன்மாவுக்காக
இரண்டு வயலும் ஒரு புல்வெளியும் தருகிறேன்.'
எழுத்தன் வேறு ஆள். இவன் கஞ்சன் இல்லை;
மகள் என்பதை முழுசாக எழுதியிருக்கிறான்.
அரக்கு முத்திரையின் முன்பக்கம் தேய்ந்துபோயிருந்தது.
பின்பக்கத்தில், ஈரமாயிருக்கும்போது அழுத்திய
பெருவிரல் ரேகை.
அவளுடையதா, முத்திரை வைத்த வேலைக்காரனுடையதா,
தெரியாது. சின்ன விரல்.
நிலம் அவள் பெயரில் இருந்தது, பிள்ளைகள்
நிலத்தின் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

வில்லியமை அழிக்க மூன்று நாள் ஆனது.
செத்தவர்களோடு பழகியவள்தான் நான்,
ஆனாலும் பிறக்கவே பிறக்காதவனைக் கொல்ல
கை வரவில்லை.
ரப்பர் துகள்களை ஊதிவிட்டு
கழுத்துப்பட்டையில் ஒட்டியதைத் தட்டினேன்.

தொலைபேசியில் சொன்னேன்.
டூகல்டின் பின்னால் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது,
யாரோ நிறுத்தினார்கள்.
'அப்போ அந்த ஜன்னல்?'
'ஜன்னல் அழகாகத்தான் இருக்கிறது' என்றேன்.
'ஓடக்காரனா?'
'ஓடக்காரன்.'
பெர்த்திலும் அன்றைக்கு மழை போலிருக்கிறது,
தகரக் கூரைமேல் விழுவது எனக்கே கேட்டது.
கணக்கைத் தீர்த்து அனுப்பச் சொல்வார்,
அல்லது திட்டுவார் என்று பென்சிலோடு காத்திருந்தேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
'என்ன மரத்தில் செய்த ஓடம்?' என்று கேட்டார்.

அது மட்டும் ஆவணத்தில் இல்லை.